அப்பளமும் அக்னி நட்சத்திரமும்

மே 4, திங்கள்
மதியம் 2 மணி: வெளியே 41. ஹாலில் 35. சின்ன அறையில் 30.

அக்னி நட்சத்திரமும் நாயும் ஒரே நாளில் வந்து இறங்கியிருக்கின்றன.

என் மகள் பொற்செல்வி மதுரையில் வங்கி அதிகாரி. பதவி உயர்வுக்கான பயிற்சி என்று இருபத்தைந்து நாள் ஹைதராபாத் போகிறாள். மருமகன் கப்பலில் இருக்கிறான், எந்தக் கடலில் என்பது அவனுக்கே நிச்சயமில்லை. நாய் விடுதிக்காரர்கள், சப்பை மூக்கு நாயைக் கத்திரி வெயிலில் பொறுப்பேற்க மாட்டோம் என்று கைவிரித்துவிட்டார்களாம். கடைசியில் விருதுநகருக்கு, என்னிடம் வந்திருக்கிறது. இதை அவள் முதலிலேயே செய்திருக்கலாம். குளிர்பதனக் கிடங்கில் முப்பத்தொரு வருஷம் மேற்பார்வையாளராக இருந்தவன் நான். பத்தாயிரம் மூட்டை மிளகாய் வத்தலை மே மாதத்தில் கெடாமல் காப்பாற்றியவனுக்கு எட்டுக் கிலோ நாய் ஒரு பெரிய விஷயமா?

நாயின் பெயர் அப்பளம். பக் என்கிற ஜாதி. மூஞ்சியைக் கதவிடுக்கில் வைத்து நசுக்கியது போல இருக்கிறது. சும்மா படுத்திருந்தாலே அது விடும் மூச்சு அடுத்த வீடு வரை கேட்கிறது.

பொற்செல்வி பதினான்கு கட்டளைகளை எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறாள். காலை ஆறரைக்கு முன்னால், இல்லையென்றால் சாயங்காலம் வெயில் தாழ்ந்த பிறகுதான் நடக்கக் கூட்டிப் போக வேண்டும். தார் ரோட்டில் புறங்கையை வைத்து ஐந்து எண்ண வேண்டும், கை தாங்கினால்தான் நாயின் பாதம் தாங்கும். சரி, இதிலெல்லாம் நியாயம் இருக்கிறது. ஒன்பதாவது கட்டளையைப் படித்ததும் சிரித்துவிட்டேன். ஏர் கூலர் ஓடும்போது ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டுமாம். குளிரைத் தெருவுக்கு விடவா கூலர் வாங்கினேன்? கிடங்கில் முதல் பாடமே கதவுதான். மூட்டை ஏற்றுகிறவர்கள் அரை நிமிஷம் கூடுதலாகக் கதவைத் திறந்து வைத்தால் என் சத்தம் ரயில்வே கேட் வரைக்கும் போகும்.

நான் எழுதிக்கொண்டிருக்கும் இது ஓய்வு பெற்ற அன்று கொண்டுவந்த கிடங்கு ரெஜிஸ்டர். தேதி, சூடு, ஈரப்பதம், குறிப்பு என்று நான்கு கட்டம். நாய்க்கு எதற்கு ஈரப்பதம்? அந்தக் கட்டத்தை ஸ்கேல் வைத்து அடித்துவிட்டேன்.

கிளம்பும்போது பொற்செல்வி தண்ணீரைப் பற்றி மட்டும் மூன்று தடவை சொன்னாள். நானும் நாய் வளர்த்தவன்தான், எனக்குத் தெரியாதா என்றேன். ஜிம்மி என்று ஒரு நாட்டு நாய் இருந்தது. வயதாகிப் போய்ச் சேர்ந்தது.

மே 5, செவ்வாய்
மதியம்: வெளியே 41. சின்ன அறை 30.

காலையில் ரோட்டில் குனிந்து புறங்கையை வைத்துப் பார்த்தேன். எதைத் தொலைத்தீர்கள் என்று பால்காரர் நின்று கேட்டுவிட்டுப் போனார்.

மே 7, வியாழன்
மதியம்: வெளியே 42. சின்ன அறை 30.

வேலை ஒழுங்காக ஓடுகிறது. காலை நடை, உப்பில்லாத தயிர்சாதம், பத்து மணிக்குச் சின்ன அறை, ஏர் கூலர். அது பொற்செல்வி படித்த அறை. மேற்கு ஜன்னலில் நனைத்த கோணிச்சாக்கைத் தொங்கவிட்டிருக்கிறேன். அப்பளம் கூலருக்கு நேராக நான்கு காலையும் பரப்பிக்கொண்டு தரையோடு ஒட்டிக் கிடக்கிறது. பெயர் பொருத்தம்தான்.

எனக்கும் என் வீட்டுக்காரி சீதாலட்சுமிக்கும்தான் ஜன்னல் சண்டை. நான் சாத்துகிறேன், அவள் திறக்கிறாள். மகள் எழுதியிருக்கிறாள், அதனால் திறக்கிறேன் என்கிறாள். இன்று நான்கு தடவை சாத்தினேன். ஐந்தாவது தடவை போனால் ஜன்னல் கொக்கியைத் துணியால் கட்டி வைத்திருக்கிறாள். அவிழ்க்க எனக்கு நேரமாகாது. போனால் போகட்டும் என்று விட்டேன். இருந்தும் 30 நிற்கிறது, என் சாக்கின் மகிமை.

மே 8, வெள்ளி
மதியம்: வெளியே 42. சின்ன அறை 31.

தினமும் மதியம் ஒரு மணிக்குப் பொற்செல்வி போன் செய்கிறாள். பயிற்சி எப்படி என்று நான் கேட்பதற்குள் தண்ணி வச்சீங்களாப்பா என்கிறாள். வைத்தேன் என்றால் போதாது, தட்டைப் போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும். இரண்டு தட்டு, இரண்டையும். முப்பத்தொரு வருஷம் எனக்கு மேலே இருந்த மேனேஜர்கூட என்னிடம் சாட்சி கேட்டதில்லை.

சாப்பிடும்போது இதைச் சொல்லிக் குறைபட்டுக்கொண்டேன். ஜிம்மி வயதாகிப் போகும்வரை நான் வளர்க்கவில்லையா என்றேன். சீதாலட்சுமி மோர்ச் சட்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"எந்த வயசு? அதுக்கு நாலு வயசுங்க."

இருக்கலாம். ஏதோ நோய் வந்திருக்கும். இருபத்து மூன்று வருஷத்துக்கு முந்தைய கதை, யார் கணக்கு வைத்திருக்கிறார்கள்?

மே 10, ஞாயிறு
மதியம்: வெளியே 41. சின்ன அறை 30.

அப்பளம் என் தலையணையில்தான் தூங்குவேன் என்கிறது. கொடுத்துவிட்டேன். சும்மா, மதியத்துக்கு மட்டும்.

மே 12, செவ்வாய்
மதியம்: வெளியே 43. சின்ன அறை 31.

காக்கைகூடப் பறக்கவில்லை. மொட்டைமாடித் தொட்டியிலிருந்து குழாயில் வருகிற தண்ணீரில் அப்படியே டீ போடலாம். காலையிலேயே குளியலறை டிரம்மில் பிடித்து வைத்துவிடுகிறேன். அப்பளத்தின் தட்டுக்கு மண்பானைத் தண்ணீர், இரண்டு மணிக்கொரு தரம் மாற்றுகிறேன். இந்த ஊரில் இவ்வளவு கவனமாகப் பார்க்கப்படும் ஜீவன் வேறு இருக்காது, எழுதித் தருகிறேன்.

போட்டோ அனுப்ப இன்று பதினைந்து நிமிஷம் தாமதம். அதற்குள் மூன்று போன். கொஞ்சம் சூடாகப் பேசிவிட்டேன். நீ என்ன என்னைச் சின்னப் பிள்ளை என்று நினைத்தாயா என்றேன். அவள் போனை வைத்துவிட்டாள். சீதாலட்சுமி பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அவ ஏன் கேக்கான்னு உங்களுக்குத் தெரியாதாக்கும்."

தெரியாமல் என்ன. ஜிம்மி போன அன்று, நீ தண்ணீர் வைக்கவில்லை, அதனால்தான் என்று ஒரு வார்த்தை சொன்னேன். அவளுக்கு அப்போது பதினொரு வயது. பிள்ளைகள் மறப்பது சகஜம். அந்த நேரத்து ஆத்திரத்தில் வந்த வார்த்தை. அப்பா ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?

மே 15, வெள்ளி
மதியம்: வெளியே 42. சின்ன அறை 30.

நாளை சீதாலட்சுமி சாத்தூருக்குப் போகிறாள். அவள் தம்பி வீடு கட்டியிருக்கிறான், ஞாயிற்றுக்கிழமை பால் காய்ச்சுகிறார்கள். திங்கட்கிழமை வருவாள். நாயை விட்டுவிட்டு நானும் போக முடியாது. போகிற வரைக்கும் ஜன்னல், ஜன்னல் என்று உயிரை எடுக்கிறாள். சரி சரி என்று தலையாட்டினேன்.

மே 16, சனி
மதியம்: வெளியே 42. சின்ன அறை, ஜன்னல் சாத்தி ஒரு மணி நேரத்தில் 28!

அவள் பஸ் ஏறியதும் கொக்கித் துணியை அவிழ்த்தேன். 28. இதைத்தான் நான் பன்னிரண்டு நாளாகச் சொல்கிறேன். திங்கட்கிழமை சீதாலட்சுமிக்கு ரெஜிஸ்டரைக் காட்ட வேண்டும். அப்பளம் மட்டும் அறையில் இருக்க மாட்டேன் என்று கதவைப் பிறாண்டியது. வெளியே விட்டேன். 35 டிகிரியில் ஹாலில் போய்ப் படுத்துக்கொண்டது. நல்லது கெட்டது தெரியாத ஜென்மம்.

மே 17, ஞாயிறு

மே 18, திங்கள்

நேற்று ஒன்றும் எழுதவில்லை. இன்று எழுதியே ஆக வேண்டும்.

நேற்றுக் காலை பதினொரு மணிக்குக் கிடங்கிலிருந்து போன் வந்தது. இப்போது மேற்பார்வையாளராக இருப்பவர், கம்ப்ரஸர் மக்கர் பண்ணுகிறது, அண்ணாச்சி நீங்கள் வந்தால்தான் ஆகும் என்றார். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அரை மணி நேரத்தில் வந்துவிடலாம் என்று அப்பளத்தைச் சின்ன அறையில் விட்டேன். கூலரைப் போட்டேன். ஜன்னலைச் சாத்தினேன். இரண்டு தட்டிலும் தண்ணீர் நிரப்பினேன். குளிர் கசியக் கூடாது என்று கதவுக்கடியில் ஈரத் துண்டைச் சுருட்டி அடைத்தேன். கிடங்குக் கதவுக்கு ரப்பர் மாட்டுகிற அதே பக்குவம்.

பொற்செல்வியின் ஒரு மணி போன் வந்தபோது நான் கிடங்கில் நான்கு பேருக்கு நடுவில் வியாக்கியானம் பண்ணிக்கொண்டிருந்தேன். எடுக்கவில்லை. வீடு திரும்பியபோது ஒன்றே முக்கால். கரண்ட் போயிருந்தது. எப்போது போனதென்று தெரியாது.

கதவைத் திறந்தேன். இட்லிப் பானை மூடியைத் திறந்த மாதிரி மூஞ்சியில் அடித்தது. சுவரெல்லாம் வேர்த்திருந்தது. சூடுமானியைப் பார்த்தேன், பழக்கம். 33. வெறும் 33. அப்பளம் கதவோரம் ஈரத் துண்டுக்கு மூக்கைக் கொடுத்துப் படுத்திருந்தது. நாக்கு நாவல்பழ நிறத்தில் தொங்கியது. வாயில் கெட்டியாக நுரை. எழுந்திருக்கப் பார்த்துப் பின்னங்கால் மடங்கி விழுந்தது.

இரண்டு தட்டிலும் தண்ணீர் நிறைய இருந்தது.

நான் அந்தத் தட்டுகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பத்து விநாடிதான் இருக்கும். அந்தப் பத்து விநாடியை நான் இங்கே எழுதாமல் விடக் கூடாது, நாய் அங்கே செத்துக்கொண்டிருந்தது.

பிறகு நாயைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்கு ஓடி, ஃபிரிட்ஜிலிருந்து ஐஸ் தட்டை எடுத்தேன். ஐஸ்தானே எனக்குத் தெரிந்த வைத்தியம். ஃபிரிட்ஜ் கதவில் பதினான்காவது கட்டளை கண்ணில் பட்டது: மாட்டாஸ்பத்திரி டாக்டர் ரெஜினாவின் நம்பர். ஞாயிற்றுக்கிழமை, இருந்தும் உடனே எடுத்தார். ஐஸ் வேண்டவே வேண்டாம், சாதாத் தண்ணீரை வயிற்றிலும் தொடையிடுக்கிலும் பாதத்திலும் ஊற்றுங்கள், ஈரத் துணியைப் போட்டு மூடாதீர்கள், விசிறிக்கொண்டே இருங்கள், வாயில் தண்ணீரைத் திணிக்காதீர்கள் என்றார். குழாய்த் தண்ணீர் கொதித்தது. டிரம் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றினேன். எல்லா ஜன்னலையும் திறந்தேன். விசிற ஒன்றும் அகப்படவில்லை. இந்த ரெஜிஸ்டரால்தான் விசிறினேன். அட்டை நனைந்து ஊறியிருக்கிறது, அதனால்தான் இன்று எழுத்து கோணலாக வருகிறது.

ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு போகும்போதும் விசிறினேன். ஆட்டோக்காரர் இரண்டு பக்கத் திரையையும் சுருட்டிவிட்டு, மதுரை ரோட்டில் பறந்தடித்து ஓட்டினார். டாக்டர் எங்களுக்கு முன்னாலேயே வந்து ஆஸ்பத்திரியைத் திறந்து வைத்திருந்தார். நரம்பில் மருந்துத் தண்ணீர் ஏற்றினார். நாலரை மணிக்கு அப்பளம் தலையைத் தூக்கி என் கையை நக்கியது. நான் அழுதேன். எழுதிவிட்டேன், அவ்வளவுதான்.

டாக்டருக்கு என் மகள் வயதிருக்கும். ஜன்னல் சாத்தியிருந்ததா என்று அவர் கேட்டதற்கு ஆமாம் என்றேன். 33-தானே டாக்டர் இருந்தது, ஹாலில் 35-லேயே அது நன்றாகத்தானே இருந்தது என்றேன்.

"நாய்க்கு நம்மள மாதிரி வேர்க்காது சார். நாக்குல இருக்குற ஈரம் காஞ்சாத்தான் அதுக்குக் குளிரும். மூடுன ரூம்ல கூலர் போட்டா காத்து பூரா ஈரம். ஈரக் காத்துல துணி காயுமா?"

எனக்குத் தெரியும். அதுதான் கேவலம். வத்தல் கிடங்கில் ஈரம் ஏறினால் பூசணம் பிடிக்கும். ஈரப்பதத்தை நான்கு மணிக்கொரு தரம் முப்பத்தொரு வருஷம் எழுதியவன் நான். இங்கே அந்தக் கட்டத்தை நானே ஸ்கேல் வைத்து அடித்தேன்.

இனி ஜிம்மி.

ஜிம்மிக்கு நான்கு வயது. நோயில்லை. அன்றும் மே மாதம், ஞாயிற்றுக்கிழமை. சீதாலட்சுமி அவள் அம்மா வீட்டில் இருந்தாள். ஜிம்மி மெத்தையைக் கடித்துக் குதறியிருந்தது. மொட்டைமாடியில் தகரக் கொட்டகைக்குக் கீழே கட்டிப்போட்டேன். அன்றும் கிடங்கிலிருந்துதான் கூப்பிட்டார்கள். பொற்செல்வி வெயில்ப்பா, அவிழ்த்து விடட்டுமா என்று கேட்டாள். நான் கட்டினதை யாரும் அவிழ்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனேன். சொன்னால் கேட்கிற பிள்ளை. அவிழ்க்கவில்லை. நான் மூன்று மணிக்கு வந்து, முதலில் மாடிக்குத்தான் போனேன். ஜிம்மி முடிந்திருந்தது. பக்கத்தில் அலுமினியச் சட்டி நிறையத் தண்ணீர். விளிம்பு வரைக்கும். விரலை விட்டேன், சுட்டது. அதைத் தூக்கிச் சாக்கடைக் குழாயில் கொட்டினேன். கவிழ்த்து வைத்துவிட்டுக் கீழே வந்து, நீ தண்ணி வைக்கல, அதான் செத்துப்போச்சு என்று பதினொரு வயதுப் பிள்ளையிடம் சொன்னேன்.

ஆத்திரத்தில் வந்த வார்த்தை இல்லை. மாடிப்படி இறங்கும்போது யோசித்த வார்த்தை.

மே 19, செவ்வாய்
மதியம்: வெளியே 41. ஹால் 35, ஈரப்பதம் 38. ஜன்னல்கள் திறந்திருக்கின்றன.

அப்பளம் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டது. ஈரப்பதம் காட்டும் கருவியைக் கிடங்கிலிருந்து வாங்கி வந்தேன். அடித்த கட்டத்துக்குப் பக்கத்தில் புதிதாகக் கட்டம் போட்டாயிற்று.

சீதாலட்சுமியிடம் நேற்றே எல்லாவற்றையும் சொன்னேன், சட்டித் தண்ணீர் உட்பட. ஜன்னலுக்காகத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். ஜன்னலைப் பற்றி அவள் பேசவேயில்லை. ராத்திரி சோறு போடும்போது, புள்ளைக்கிட்ட சொல்லுங்க, நான் சொல்ல மாட்டேன் என்றாள். அதற்குப் பிறகு என்னிடம் பேசவில்லை.

இரண்டு நாளாக, பிறகு பேசுகிறேன் என்று செய்தி மட்டும் அனுப்பித் தட்டிக்கழித்துவிட்டு, நாய்க்கு நடந்ததைப் பொற்செல்விக்கு இன்றுதான் போனில் சொன்னேன். கூலர், ஜன்னல், ஆஸ்பத்திரி, இப்போது நன்றாக இருப்பது எல்லாம். அவள் முதலில் கேட்டது இதுதான்:

"தண்ணி இருந்துச்சாப்பா?"

ரெண்டு தட்டும் நிறைய இருந்துச்சும்மா என்றேன். தண்ணி இருந்துமா என்றாள். ஆமாம், தண்ணி இருந்தும்தான் என்றேன். நேரில் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

மே 21, வியாழன்
மதியம்: வெளியே 42. ஹால் 35, ஈரப்பதம் 36.

தயிர்சாதம் முழுக்கச் சாப்பிட்டது. தலையணையையும் கேட்டு வாங்கிக்கொண்டது. இனி முழு நேரமும் அதற்கே.

மே 24, ஞாயிறு
மதியம்: வெளியே 42. சின்ன அறை 31, ஈரப்பதம் 55.

கூலர் ஓடுகிறது, ஜன்னல் திறந்திருக்கிறது, எதிர் ஜன்னலும் திறந்திருக்கிறது, காற்று உள்ளே வந்து வெளியே போகிறது. 31-தான். அப்பளம் குறட்டை விடுகிறது. அடுத்த தெருவில் ஒருவர் லாப்ரடார் வைத்திருக்கிறார். கார் நிழலில்தான் நிற்கிறது என்று நாயை உள்ளே விட்டுக் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஜவுளிக் கடைக்குள் போயிருக்கிறார். நான் அந்த வழியாகப் போனேன். கடைக்குள் புகுந்து அவரை இழுத்துக்கொண்டு வந்து கதவைத் திறக்க வைத்தேன். அஞ்சு நிமிஷம்தானே அண்ணாச்சி என்றார். என் சத்தம் இன்னும் ரயில்வே கேட் வரைக்கும் போகிறது.

மே 28, வியாழன்
மதியம்: வெளியே 39. ஹால் 34, ஈரப்பதம் 44.

அக்னி நட்சத்திரம் இன்றோடு முடிந்தது. அப்பளத்தைத் தேற்றிவிட்டேன், எட்டுக் கிலோ இருநூறு. நாளை பொற்செல்வி வருகிறாள். என்ன சொல்ல வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். நான்கு வரிக்கு மேல் இல்லை. கிழித்துப் போட்டேன், தாள் தேவைப்படாது.

மே 29, வெள்ளி

காலை பத்து மணிக்கு வந்தாள். அப்பளம் அவளைச் சுற்றி ஓடிய ஓட்டத்தில் மூச்சு வாங்கியது. அவளே அதைத் தூக்கிக் கூலருக்கு முன்னால் வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்தாள். திறந்திருந்தது. அங்கேயே சொல்லிவிட்டேன். காப்பி குடிக்கட்டும், சாப்பிடட்டும் என்று காத்திருந்தால் என்னால் முடியாது.

"ஜிம்மி செத்த அன்னிக்கு நீ தண்ணி வச்சிருந்தம்மா. சட்டி நெறைய இருந்துச்சு. நான்தான் கொட்டினேன். கொட்டிட்டு உன்மேல பழியப் போட்டேன்."

அவள் நாயின் தலையைத் தடவிக்கொண்டேயிருந்தாள். என்னைப் பார்க்கவில்லை.

"நான் வச்சது எனக்கு ஞாபகம் இருந்துச்சுப்பா. ரெண்டு செம்பு ஊத்தினேன். நீங்க சொன்னதுனால, என் ஞாபகந்தான் தப்புன்னு நெனச்சுக்கிட்டேன்."

இருபத்து மூன்று வருஷம் அவள் தன் கண்ணால் பார்த்ததை நம்பாமல் என்னை நம்பியிருக்கிறாள். தப்பு என்னுடையது என்று மட்டும் சொன்னேன். அவள் அடுத்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். சீதாலட்சுமி போய்த் தட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள். மதியம் பொற்செல்வி சாப்பிடவில்லை. நானும் சாப்பிடவில்லை, யாரும் கூப்பிடவுமில்லை.

ஆறு மணிக்கு அவள் முகம் கழுவி, கையில் நாய்ச் சங்கிலியோடு வெளியே வந்தாள். என்னைக் கடந்து போய் ரோட்டில் குனிந்து புறங்கையை வைத்தாள். மூன்று எண்ணுவதற்குள் எடுத்துவிட்டாள். நானும் போய்க் குனிந்து வைத்துப் பார்த்தேன்.

"இன்னும் சுடுதுப்பா."

இன்னும் அரை மணி நேரம் ஆகும் என்றேன். அவள் வாசற்படியில் உட்கார்ந்தாள், உள்ளே போகவில்லை. நானும் உட்கார்ந்தேன். அப்பளம் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் படுத்துக்கொண்டது. ரோடு ஆறுகிற வரைக்கும் அப்படியே உட்கார்ந்திருந்தோம்.